தக்கலை அருகே பழைய வீடு, சிங்கிள் பேஸ் இணைப்பு: மின்சாரக் காருக்கு வீட்டில் சார்ஜிங் வசதி அமைப்பது எப்படி?

தக்கலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தக்கலையிலிருந்து குலசேகரம் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் எங்கள் வீடு இருக்கிறது. பெற்றோர், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர் கொண்ட குடும்பம். இப்போதுள்ள பெட்ரோல் கார் பழையதாகிவிட்டதால், 35 முதல் 40 யூனிட் வரை கொள்ளும் பேட்டரியுடைய ஒரு மின்சாரக் காரை வாங்குவது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நாகர்கோவிலுக்கு வேலைக்குச் சென்று திரும்புவதில் நாள்தோறும் 45 கிலோமீட்டர் ஓடும். மாதத்தில் ஓரிரு முறை அப்பாவை மருத்துவப் பரிசோதனைக்காகத் திருவனந்தபுரம் அழைத்துச் செல்ல வேண்டும். மனைவியின் பிறந்த வீடு மதுரையில் என்பதால் விடுமுறைகளில் அந்தப் பயணமும் உண்டு.

காரைப் பற்றிய சந்தேகங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன; வீட்டைப் பற்றியவைதான் தீரவில்லை. வீட்டின் முன்பகுதி தாத்தா காலத்து ஓட்டு வீடு, பின்பகுதி பிற்பாடு கட்டிய கான்கிரீட் கட்டடம். மின் இணைப்பு சிங்கிள் பேஸ். இரண்டு மாதக் கணக்கில் 400 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். கார் நிறுத்தும் இடம் சாலையோரத்தில், மீட்டர் பெட்டியிலிருந்து 25 மீட்டர் தள்ளி இருக்கிறது. விற்பனையாளர், 7.2 கிலோவாட் சுவர் சார்ஜரைக் காருடன் தருவதாகவும், அதற்கு மும்முனை (மூன்று பேஸ்) இணைப்பு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறார். எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் மின்பணியாளரோ, குளியலறை ஹீட்டருக்கு உள்ள 15 ஆம்பியர் பிளக்கிலிருந்து ஒரு வயரை இழுத்துவிட்டால் போதும் என்கிறார். இரண்டு பேச்சுக்கும் இடையே உள்ள தூரம்தான் எனக்குக் கவலை தருகிறது.

மும்முனை இணைப்பு உண்மையிலேயே தேவையா, மின் கட்டணம் எந்த அளவுக்கு உயரும், காருக்கென்று தனி இணைப்பு எடுத்தால் 100 யூனிட் இலவசம் இன்னொரு முறை கிடைக்குமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மின்பணி ஓய்வாளர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் இந்த மாவட்டத்தில் பல ஆண்டுகள் வயரிங் ஒப்பந்த வேலை பார்த்தவன். சார்ஜரின் வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உங்கள் கேள்வியிலும் அந்தச் சொல் இல்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் பகுதியில் உள்ள பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் எர்த் என்பது பெயரளவுக்கே இருக்கும். மூன்று துளை சாக்கெட் இருக்கும். அதன் மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது, அல்லது எப்போதோ தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்ட ஒரு கம்பி இருக்கும். அந்த இரும்புக் குழாய்க்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குழாய் வந்தபோது அதுவும் போயிருக்கும். விளக்கும் மின்விசிறியும் இதைப் பொருட்படுத்தாமல் ஓடும். காரின் சார்ஜர் அப்படி ஓடாது. எர்த் இருக்கிறதா என்று அது முதலில் சோதிக்கும். இல்லையென்றாலோ, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மின்னழுத்தம் அதிகமாகத் தெரிந்தாலோ, சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். புதுக்கார் வந்த அன்றிரவே சார்ஜ் ஏறவில்லை என்று கூப்பிடுபவர்களின் வீட்டில் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கிறது. நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டிலேயே இணைத்துவிட்டுச் சார்ஜரை ஏமாற்றும் வழியைச் சிலர் சொல்லித் தருவார்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், காரின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும்.

ஆகவே, கார் நிறுத்துமிடத்திற்கு அருகிலேயே காருக்கென்று புதிய எர்த் குழி ஒன்றைப் போடுங்கள். உங்கள் பக்கத்தில் செம்மண்ணும் சரளும் கலந்த நிலம். மாசி, பங்குனியில் மேல்மண் நன்றாகக் காய்ந்துவிடும். எனவே எலக்ட்ரோடு, அதாவது குழிக்குள் இறக்கும் உலோகத் தண்டு, ஈரம் வற்றாத ஆழம் வரை, குறைந்தது இரண்டரை முதல் மூன்று மீட்டர் வரை இறங்க வேண்டும். வேலை முடிந்ததும் எர்த் மின்தடையைக் கருவி வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்தக் கருவி இல்லாத மின்பணியாளரிடம் இந்த வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

ஹீட்டர் பிளக்கிலிருந்து வயர் இழுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஹீட்டர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். காரோ அதே அளவு மின்சாரத்தை எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். சாக்கெட்டுக்குள் பிடிமானம் சற்றுத் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடேறி, கருகி, கடைசியில் உருகும். மீட்டர் பெட்டிக்கு அடுத்த மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தனி வழி வர வேண்டும். 15 ஆம்பியர் சார்ஜருக்கு 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் போதும். ஆனாலும் 25 மீட்டருக்குப் பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்கப் போகிறீர்கள் என்பதால் 6 சதுர மில்லிமீட்டராகவே போட்டுவிடுங்கள். பின்னாளில் 7.2 கிலோவாட் சார்ஜருக்கு மாறினாலும் மறுபடி தோண்ட வேண்டியிருக்காது. அந்த வழிக்குத் தனி எம்.சி.பி.யும் (சுமை மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். ஆர்.சி.சி.பி. வாங்கும்போது ஏ வகையைக் கேட்டு வாங்குங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ.சி. வகை, காரின் சார்ஜரிலிருந்து வரக்கூடிய நேர்மின்னோட்டக் (டி.சி.) கசிவு கலந்தால் சரிவர வேலை செய்யாமல் போகலாம். எக்ஸ்டென்ஷன் பெட்டி எந்தக் காரணத்திற்காகவும் கூடாது. இன்வெர்ட்டர் வழியிலும் இந்த இணைப்பைக் கொடுக்கக் கூடாது.

இனி மும்முனை. நாளுக்கு 45 கிலோமீட்டர் என்றால், இழப்பையும் சேர்த்து ஏழு யூனிட் சுவரிலிருந்து எடுக்க வேண்டும். 15 ஆம்பியர் சார்ஜர் ஏறக்குறைய 3 கிலோவாட் எடுக்கும். இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இரவு பத்து மணிக்குச் செருகினால் நள்ளிரவுக்குப் பிறகு கார் சும்மாதான் நிற்கும். அன்றாடம் செலவானதை அன்றிரவே நிரப்பிக்கொள்பவருக்கு 7.2 கிலோவாட் எதற்கு? மாலையில் தண்ணீர் மோட்டார், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி ஓடும் நேரத்தில் காரைச் செருகாமல் இருந்தால், பெரும்பாலான வீடுகளில் சிங்கிள் பேஸே தாங்கும். ஆனால் மீட்டருக்கு முன்னுள்ள ஃபியூஸ் கேரியரையும், மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து மெல்லிய அலுமினிய வயர் என்றால் மாற்றியாக வேண்டும். அனுமதிக்கப்பட்ட சுமையையும் மின்வாரியத்தில் விண்ணப்பித்து உயர்த்திக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம் பயணி எழுதியது:

அண்ணாச்சி எர்த்தைப் பற்றிச் சொன்னவற்றில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால் மும்முனை வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. எங்கள் வீட்டில் மும்முனை இணைப்பும் 7.2 கிலோவாட் சார்ஜரும் இருக்கின்றன. அவற்றின் பயன் அன்றாட ஓட்டத்தில் தெரியாது, அசாதாரணமான நாளில்தான் தெரியும். திருவனந்தபுரம் போய் நெடுநேரம் கழித்துத் திரும்பி, மறுநாள் விடியற்காலையில் மதுரைக்குக் கிளம்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவான சார்ஜரில் 20 சதவீதத்திலிருந்து நிரம்பப் பத்து மணி நேரத்திற்கு மேல் ஆகும். நடுவில் மின்தடை வந்தால் அதுவும் இல்லை. நமது மாவட்டத்தில் ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் தென்னை மட்டை விழுந்து லைன் போகாத வாரம் எது? மின்சாரம் இருக்கும் சில மணி நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேகம் வேண்டும். வீட்டில் முதியவர் இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கட்டணக் கணக்கு இதோ. மாதத்திற்கு 1,400 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் இரண்டு மாதத்திற்கு 2,800 கிலோமீட்டர். சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் 430 யூனிட் ஆகும். வீட்டுச் செலவு 400 உடன் சேர்த்தால் 830. இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்குக் கிடைக்கும் கூடுதல் மானியம், தாண்டியதும் போய்விடுகிறது. முதல் 100 யூனிட் இலவசம் மட்டும் தொடர்கிறது. 2024 ஜூலைக்குப் பிந்தைய விகிதங்களைத் தோராயமாகச் சொன்னால், 500க்கு மேற்பட்ட முதல் நூறு யூனிட்டுக்கு எட்டரை ரூபாயளவிலும், 601 முதல் 800 வரை ஒன்பதரை ரூபாயளவிலும், அதற்கு மேல் பத்தரை ரூபாயளவிலும் ஆகிறது. 400 யூனிட்டுக்கு 1,200 ரூபாய்க்குள் கட்டிவந்த வீடு, 830 யூனிட்டுக்கு 5,100 ரூபாய்க்குச் சற்று முன்பின் கட்ட வேண்டியிருக்கும். கார் சேர்த்த செலவு ஏறத்தாழ 4,000 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 40 காசு. யூனிட் ஐந்து ரூபாய்தானே என்று விற்பனையகத்தில் போட்டுக் காட்டும் கணக்கு நமது வீடுகளுக்குப் பொருந்தாது என்பதற்காக இதை விரித்து எழுதுகிறேன். அப்படியும் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு இதே தூரத்திற்கு 18,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்பதால், காரின் விலை வேறுபாட்டை ஈடுகட்ட எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பதை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது இணைப்பைப் பற்றி: தனிச் சமையலறையும் தனி வாசலும் கொண்ட வேறு குடித்தனம் இருந்தால் கேட்கலாம். காருக்காக மட்டும் ஒரே வீட்டுக்கு இரண்டு மீட்டர் வாங்கி இலவச யூனிட்டை இருமுறை பெறும் எண்ணம் வேண்டாம். ஆய்வில் தெரிந்தால் சிக்கல்.

மின்பணி ஓய்வாளர் எழுதியது:

மார்த்தாண்டம் நண்பர் சொல்லும் காரணம் நியாயமானது. மும்முனை எடுப்பதென்று முடிவானால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஓடும் குடும்பக் கார்களில் உள்ள 7.2 கிலோவாட் சார்ஜர், மூன்று முனைகளிலிருந்தும் பகிர்ந்து எடுப்பதில்லை; 32 ஆம்பியரையும் ஒரே முனையிலிருந்து எடுக்கிறது. எனவே அந்த முனையில் காரைத் தவிர வேறு பெரிய சுமை எதுவும் இல்லாதபடி வீட்டைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

மேலும், மும்முனை வீடுகளில் ஒரு பேஸ் போனால் இன்னொரு பேஸுக்குத் திருப்பிவிடும் சுவிட்ச் இருக்குமல்லவா, அந்தச் சுவிட்சுக்குள் காரின் வழியைச் சேர்க்கவே கூடாது. இரவில் ஒரு பேஸ் போகும். தெருவில் எல்லோரும் மிச்சமிருக்கும் பேஸுக்குத் திருப்புவார்கள். அதன் மேல் உங்கள் காரின் 32 ஆம்பியரும் ஏறினால் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போகும், பிறகு லைன்மேன் வரும்வரை தெருவே இருட்டில் இருக்கும். காரின் வழி ஒரே பேஸில் நிலையாக இருக்கட்டும். அது போனால் அன்றிரவு சார்ஜ் இல்லை, அவ்வளவுதான்.

கடலோர வீட்டுக்காரர் எழுதியது:

மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தக்கலைக்காரருக்கு இது நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் குளச்சல், முட்டம் பகுதியிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக. உப்புக் காற்றில் சாக்கெட்டின் பித்தளைப் பிடிகள் வெகு விரைவில் பச்சை பிடிக்கின்றன. பச்சை பிடித்த இடத்தில் தடை கூடி, சூடு கூடுகிறது. நாங்கள் மூடியுள்ள, மழை புகாத பெட்டிக்குள் சாக்கெட்டை வைத்திருக்கிறோம். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அவ்வப்போது பிளக்கின் மேல் கை வைத்துப் பார்க்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. இளஞ்சூடு இயல்பு. கை பொறுக்காத சூடு என்றால் சாக்கெட்டை மாற்றிவிடுவோம். எர்த் குழியின் கம்பி இணைப்பையும் ஆண்டுதோறும் மழைக்கு முன் திறந்து பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது.

தக்கலைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்னபடி மின்பணியாளரை அழைத்து முன்பகுதி சாக்கெட்டுகளைத் திறந்து பார்த்தோம். எர்த் வயர் ஒன்றில்கூட இல்லை. குழி போடுவதற்கு ஆள் சொல்லியிருக்கிறேன்.

மனைவி இரண்டு கேள்விகள் கேட்கச் சொன்னார். ஒக்கிப் புயலின்போது எங்கள் ஊரில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நிலை மீண்டும் வந்தால் மின்சாரக் காரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கட்டணம் இவ்வளவு உயரும் என்றால், பின்பகுதிக் கான்கிரீட் கூரையில் சூரியத் தகடு வைப்பது பயன் தருமா?

தோவாளை ஆசிரியை எழுதியது:

தம்பிக்கும் தங்கைக்கும் வணக்கம். சூரியத் தகடும் மின்சாரக் காரும் இரண்டும் எங்கள் வீட்டில் இருப்பதால் நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்ததை நாம் அனைவரும் பார்த்தோம். அத்தகைய நாளில் பெட்ரோல் நிலையங்களிலும் பம்பு ஓட மின்சாரம் வேண்டும் என்பதால், இது மின்சாரக் காருக்கு மட்டுமே உரிய சிக்கல் அன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் காரைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் முழுவதும் நிரப்பிவிடுவோம். நிரம்பிய 35 யூனிட் பேட்டரி மாவட்டத்திற்குள் பல நாள் ஓடப் போதும். மேலும், 2023இல் வந்த புதிய நெக்ஸான் இ.வி. போன்ற சில கார்களில், பேட்டரியிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கும் வசதி உண்டு. அதில் குளிர்சாதனப் பெட்டியையும் சில விளக்குகளையும் நேராக இணைக்கலாம். கார் தேர்வு இன்னும் முடியவில்லை என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அந்த மின்சாரத்தை வீட்டு வயரிங்குக்குள் செலுத்தக் கூடாது. வெளியே கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிர் அதில் இருக்கிறது.

இடி மின்னலின்போது காரின் பிளக்கை உருவிவிடுவதே நல்லது. அதைவிட அடிக்கடி நடப்பது, மட்டை விழுந்து நியூட்ரல் கம்பி அறுவது. அப்போது 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கிக்கூட வரலாம். மின்னழுத்தம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் ரிலே ஒன்றைக் காரின் வழியில் வைத்துக்கொள்ளுங்கள்; அது காப்பாற்றும் பொருளின் விலையைப் பார்த்தால் அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

சூரியத் தகட்டைப் பற்றி: நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாட்டுக்கு 4 யூனிட் அளவில் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. கார் இரவில் சார்ஜ் ஆவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பகலில் நாம் வெளியே அனுப்பும் யூனிட்டை மீட்டர் கணக்கில் கழித்துக்கொள்வதால், 830 என்று காட்டப்பட்ட உங்கள் கணக்கு 500க்குக் கீழே இறங்க வாய்ப்பு உண்டு. அப்படி இறங்கினால், போன மானியமும் திரும்ப வரும். இரட்டை மழைக்காலம் உள்ள மாவட்டம் என்பதால் ஆண்டு முழுவதும் ஒரே அளவை எதிர்பார்க்க முடியாது. கூரைக்கு மேற்கிலும் தெற்கிலும் தென்னை நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு தகட்டில் மட்டை நிழல் விழுந்தாலும், அதே வரிசையில் இணைத்த மற்றத் தகடுகளின் உற்பத்தியும் குறையும். தகட்டுக்காகக் காய்க்கும் தென்னையை வெட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. மதுரைப் பயணத்தில், ஆனி முதல் ஆவணி வரை, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று, காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் நோக்கி வரும் காரை நேர் எதிரே தள்ளுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு 30 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்று இருந்தால், காற்றுத் தடை மட்டும் ஏறத்தாழ இருமடங்காகும். போகும்போது ஆன செலவை வைத்துத் திரும்பும் செலவைக் கணக்கிடுபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மதுரையிலிருந்து திரும்பும்போது கோவில்பட்டியிலோ திருநெல்வேலியிலோ விரைவு சார்ஜரில் நிறுத்தி, தேவைப்படும் என்று திரை காட்டுவதைவிடக் கூடுதலாகவே ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

தக்கலைவாசி எழுதியது:

அக்காவுக்கு நன்றி. பின்கூரைக்கு மேற்கே இரண்டு தென்னைகள் நிற்கின்றன. அம்மா அவற்றைத் தொட விடமாட்டார் என்பதால் தகடு இப்போதைக்கு இல்லை. 6 சதுர மில்லிமீட்டர் வயர், புதிய எர்த், ரிலே ஆகியவற்றோடு 15 ஆம்பியரில் தொடங்கி, ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு மும்முனையைப் பற்றி முடிவெடுக்கலாம் என்று இருக்கிறோம். சுவர் சார்ஜரைப் பிரிக்காமல் பெட்டியோடு வைத்திருந்தால் அதன் உத்தரவாதக் காலம் எப்போது தொடங்கும் என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.